சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்கள்

ஜொகூர் மாநிலத்தின் சின்ன ஊரான லாபிஸின் கடைத்தெருவில் இருக்கும் அந்த கிளினிக்கின் மருந்து கவுண்டரில் அங்கம்மா உட்கார்ந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அவளிடம் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனதில்லை.

லாபிஸ் தமிழர்கள் மரியாதை தெரியாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது நம் ஆட்களின் சட்டம். வாய் தவறி ‘வரேன்’ என்று சொல்லிவிட்டால் நோய் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, ஆளை மறுபடி அதே வாசலுக்கு இழுத்து வந்துவிடுமாம். அதனால் மருந்துப் பையை வாங்குவார்கள், காசைக் கொடுப்பார்கள், தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு நடையைக் கட்டுவார்கள். அங்கம்மாவும் யாரையும் ‘வாங்க’ என்று கூப்பிட மாட்டாள். வருகிறவர்களிடம் ‘பேர் சொல்லுங்க’ என்பாள். போகிறவர்களின் முதுகைப் பார்த்து ‘சரி’ என்பாள். வரவேற்பும் வழியனுப்பும் அவளுக்கு இந்த இரண்டோடு முடிந்தது.

வெளியிலும் இதே கதைதான். ஆனால் அந்தச் சட்டம் அங்கம்மா தனக்குத்தானே போட்டுக்கொண்டது. தெருவில் யாரைப் பார்த்தாலும் அவள் முதலில் சிரிக்க மாட்டாள். பசார் மாலாம் இரவுச் சந்தையில் பக்கத்தில் நின்று மீன் பொறுக்குகிறவருக்கு மூலம் என்று அவளுக்குத் தெரியும். கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் தம்பதிக்குப் பிள்ளை இல்லாமல் போனதற்குக் குறை யாரிடம் என்றும் தெரியும். தெரிந்ததைக் கண்ணில்கூடக் காட்டக் கூடாது. சின்ன ஊர். அங்கம்மா ஒருத்தியைப் பார்த்து ‘எப்படி இருக்கே?’ என்று கேட்டுவிட்டால் போதும், கூட வந்த நாத்தனார் அன்றைக்கே ‘உனக்கு என்னடி வியாதி?’ என்று குடைய ஆரம்பித்துவிடுவாள். அதனால் அங்கம்மா கத்திரிக்காயைப் பார்த்தபடி நடந்துவிடுவாள். அவளுக்குத் திமிர் என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு என்னென்ன வியாதி என்பதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை விற்று ஆட்களை வெளியே அனுப்பிய காலத்தில், பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாரம் முடித்த கையோடு தகப்பனுடன் லாபிஸுக்கு வந்தவள் அவள். மலாயும் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும் பேசுகிற பெண் வேண்டும் என்று டாக்டர் தேடிக்கொண்டிருந்தார். வேலை உடனே கிடைத்தது. அந்த வேலையாலேயே கல்யாணம் தட்டிப்போனது. முதலில் பெண் பார்க்க வந்த கூட்டத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா இருந்தார். குடியை விட்டுவிட்டதாக வீட்டில் சத்தியம் பண்ணியிருந்த மனுஷர். ஈரல் மருந்தை மாதாமாதம் அங்கம்மா கையில்தான் வாங்கிக்கொண்டிருந்தார். காப்பித் தட்டோடு வந்தவளைப் பார்த்ததும் அவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. அங்கம்மா அவரை முன்பின் பார்க்காதவள்போல் காப்பியை நீட்டினாள். அது மரியாதை என்று அவள் நினைத்தாள். பெண் பிடிக்கவில்லை என்று மறுநாள் சொல்லி அனுப்பினார்கள். அடுத்து வந்தவர்களும் ஏதோ ஒரு சாக்குச் சொன்னார்கள். ஊர் நோயெல்லாம் தெரிந்தவளை மருமகளாக வீட்டுக்குள் விட யாருக்குத் துணிச்சல் வரும்? தகப்பனார் வெளியூரில் தேடித் தேடிப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தம்பி கல்யாணம் கட்டிக்கொண்டு சிங்கப்பூர் எல்லையோரம் இருக்கும் பெர்மாஸ் ஜெயாவுக்குக் குடிபோய், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறான். ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீட்டில் அங்கம்மாவும் ஒரு ரேடியோவும் மிச்சம்.

இப்படிப்பட்டவளுக்கு மாதத்தில் அரை மணி நேரம் மட்டும் ஒரு துணை இருந்தது. அந்தத் துணையின் பெயர் தேன்மொழி.

தேன்மொழியைப் பதினோரு வயதில் அவள் அப்பா காளியப்பன் முதுகில் சுமந்துகொண்டு வந்தார். செம்பனைக் குலை அறுக்கும் ஆள், நல்ல உயரம். தொண்டை வலியில் ஆரம்பித்த காய்ச்சல் முட்டிக்கால்களை வீங்க வைத்து, கடைசியில் நெஞ்சுக்குள் ஒரு வால்வைக் கடித்துவிட்டிருந்தது. அந்தக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க, நாலு வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட வேண்டும், வருடக்கணக்கில். இடுப்புக்குக் கீழே போடும் கனமான ஊசி. போட்ட பிறகு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்காரவைக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் பிள்ளைக்கு வலித்தது. அங்கம்மா அவளைக் கவுண்டருக்குள் கூப்பிட்டுத் தன் மெத்தை நாற்காலியைக் கொடுத்தாள். கையில் மைலோவும் பிஸ்கட்டும் கொடுத்தாள்.

அந்த முதல் நாள் கிளம்பும்போது பிள்ளை வாசலில் திரும்பி நின்று, “போயிட்டு...” என்று ஆரம்பித்தது. காளியப்பன் சட்டென்று தன் பெரிய உள்ளங்கையால் அதன் வாயைப் பொத்திவிட்டார். “இங்க அப்படியெல்லாம் சொல்லக்கூடாதும்மா,” என்றார். அதற்குப் பிறகு தேன்மொழி சொன்னதே இல்லை. நாலு வாரத்தில் கட்டாயம் வரப்போகிற பிள்ளை, வருகிறேன் என்று மட்டும் சொல்லாமல் போகும். அங்கம்மாவும் ‘சரி’ என்பாள்.

ஆனால் அந்த அரை மணி நேரம் இருக்கிறதே! பள்ளிக்கூடத்து டீச்சர் எப்படி நடப்பார், சீரியலில் யார் யாருக்கு விஷம் வைத்தார்கள், ஃபேக்டரி சூப்பர்வைசர் எத்தனை தடவை தலை வாருவான் என்று தேன்மொழி வாய் ஓயாமல் பேசுவாள். அங்கம்மா மாத்திரைப் பையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே சிரிப்பாள். ‘மிஸி’ என்று எல்லாரும் கூப்பிடும் அந்தக் கவுண்டர்காரிக்குச் சிரிக்கத் தெரியும் என்பதையே மற்ற நோயாளிகள் அப்போதுதான் கண்டுகொள்வார்கள். பிள்ளை வளர்ந்து குமரியானாள். ஃபேக்டரி வேலைக்குப் போனாள். காஹாங் என்ற வெளியூரைச் சேர்ந்த மதிவாணன் என்ற மெக்கானிக் பையனோடு கல்யாணமும் நிச்சயமாயிற்று. அந்தச் செய்தியையும் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னாள்.

“மாப்பிள்ள வீட்டுக்கு ஊசி விஷயம் தெரியுமா?” என்று அங்கம்மா கேட்டாள்.

“அப்பா சொல்ல வேணாங்குறாரு அக்கா. கல்யாணம் முடியட்டும்ங்குறாரு.”

கல்யாணம் முடிந்தால் அவள் காஹாங்குக்குப் போய்விடுவாள் என்பது அங்கம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்த்துச் சொன்னாள். வீட்டுக்குப் போய் அன்றைக்கு ரேடியோவைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மருந்துத் தட்டுப்பாடு வந்தது அந்த நேரத்தில்தான். எங்கேயோ வெளிநாட்டில் அந்த ஊசி மருந்தைச் செய்கிற ஃபேக்டரி நின்றுபோனதாம். சப்ளையர் பையன், ‘ஸ்டாக் இல்ல அக்கா, எப்ப வரும்னு தெரியல’ என்று மெசேஜ் அனுப்பினான். கிளினிக்கில் இந்த ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் மூன்று பேர். லோரி ஓட்டுகிற ஒருவரையும் ஒரு டீச்சரையும் டாக்டர் தினம் இரண்டு வேளை மாத்திரைக்கு மாற்றிவிட்டார். தேன்மொழி விஷயத்தில்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். அவளுக்கு முன்பு ஒரு தடவை மாத்திரை கொடுத்துப் பார்த்தாயிற்று. வயிற்றைப் புரட்டுகிறது என்று யாருக்கும் சொல்லாமல் பாதியில் விட்டாள். காய்ச்சல் திரும்பி வந்து, முட்டிகள் வீங்கி, பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துத்தான் எழுந்தாள்.

“இன்னொரு தடவ அந்தக் காய்ச்சல் வந்தா வால்வு தாங்காது. அப்புறம் நெஞ்சத் திறந்து ஆபரேஷன்தான்,” என்றார் டாக்டர். “கல்யாண நேரத்துல மாத்திரைய ஒழுங்கா போடுவாளா? எங்கயாச்சும் ஊசி கெடைக்குதான்னு பாருங்க அங்கம்மா.”

தேன்மொழியிடம் உள்ளதைச் சொல்லி மாத்திரையைக் கையில் கொடுத்து, “ஊசி கெடச்சா அப்பாவுக்குச் சொல்லி அனுப்புறேன். அதுவரைக்கும் இத முழுங்கு,” என்றாள் அங்கம்மா. தேன்மொழிக்குப் பதினோரு வயதானதிலிருந்து கிளினிக்கில் இருப்பது காளியப்பனின் நம்பர்தான். அதை மாற்ற யாருக்கும் தோன்றியதில்லை.

பிறகு போனை எடுத்தாள்.

கிளினிக் கவுண்டர்களில் இருக்கும் பெண்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டில் சீனி வாங்குவதுபோல் மருந்தைக் கைமாற்றாக வாங்கிக்கொள்வார்கள், ஸ்டாக் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஊர் பெயரும் குரலும்தான். அங்கம்மா எல்லாருக்கும் ‘லாபிஸ் அக்கா’. சிகாமட், மூவார், பத்து பஹாட், சிம்பாங் ரெங்கம் என்று ஒவ்வொரு ஊராக அழைத்தாள். ‘அலமாக், எங்களுக்கே இல்லக்கா’ என்று அங்கலாய்த்தாள் ஒருத்தி. ‘ஒன்னு இருக்கு, எங்க ஆளுக்கு எடுத்து வச்சிருக்கேன், மன்னிச்சிருங்க’ என்றாள் இன்னொருத்தி. அவளை அங்கம்மா குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் தான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்கிற கதையாக, ஊசி போட டாக்டர் இருக்கிறார், உட்கார நாற்காலி இருக்கிறது, மருந்துதான் ஜொகூர் முழுக்க இல்லை.

குளுவாங் கிளினிக் கவுண்டரில் பஸீலா. பல வருடமாகக் குரல் பழக்கம். அவள்தான், “இருங்கக்கா, என் அண்ணன் மகன் ஜாஸிம் பெர்மாஸ் ஜெயால ஃபார்மசி வச்சிருக்கான். கேட்டுப் பாக்குறேன்,” என்றாள்.

சாயங்காலம் ஜாஸிமே கூப்பிட்டான். “ரெண்டு பாட்டில் இருக்கு ஆன்ட்டி. ஆர்டர் பண்ணவங்க ஊர் மாறிப் போயிட்டாங்க. ஞாயித்துக்கிழம வரைக்கும் வச்சிருக்கேன். கூரியர்ல அனுப்ப மாட்டேன், சூடு பட்டா வீணாயிடும். டாக்டர் லெட்டரோட யாராச்சும் வந்து எடுத்துக்கிட்டா நல்லது.”

யாராவது என்றால் வேறு யார்? ஞாயிற்றுக்கிழமை மீனுக்கு ஐஸ் போடுகிற சின்னப் பெட்டியைத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு அங்கம்மா பஸ் ஏறினாள். லார்கின் பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ஒரு காரைப் பிடித்து பெர்மாஸ் ஜெயாவுக்குப் போனாள். ஜாஸிம் பாட்டில்களைத் துணியில் சுற்றி, ஐஸ் நேராக ஒட்டாதபடி பெட்டியில் வைத்துக் கொடுத்தான். போன உயிரில் பாதி அவளுக்கு அப்போதே திரும்பிவிட்டது.

தம்பி வீடு அங்கிருந்து நாலு தெரு தள்ளித்தான். போன் போட்டாள். தம்பிக்கு சிங்கப்பூரில் ஓவர்டைம். தம்பி மனைவி பிள்ளைகளோடு வெளியே இருந்தாள். “சொல்லிட்டு வந்திருக்கலாம்ல அண்ணி,” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அங்கம்மா பக்கத்திலிருந்த ‘மாமாக்’ சாப்பாட்டுக் கடையில் நுழைந்து, ஐஸ் பெட்டியை எதிர் நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டுவந்த பையன், “ரெண்டு பேரா?” என்று கேட்டான்.

“ஒருத்தர்தான்,” என்றாள். ரொட்டி சானாயைத் தின்றுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலையில் பாட்டில்கள் கிளினிக் ஃபிரிட்ஜில் ஏறின. காளியப்பனுக்கு மெசேஜ் போயிற்று. ஊசிக்கு உரிய நாள் புதன்கிழமை. புதன்கிழமை அங்கம்மா மெத்தை நாற்காலியைத் துடைத்து வைத்தாள். மாலை வரை தேன்மொழி வரவில்லை. வியாழக்கிழமை காளியப்பன் மட்டும் மோட்டாரில் வந்து, கூட்டம் கலையும்வரை வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

“அந்த ஊசிய வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க மிஸி,” என்றார்.

“என்னண்ணே சொல்றீங்க?”

“பந்தக்கால் ஊனியாச்சு. இனிமே பொண்ணு படி தாண்டக்கூடாது. அதுவும் மருந்து வாங்குற இடத்துக்கா? காஹாங்லருந்து மாப்பிள்ளையோட அத்தை வந்து வீட்டுல தங்கியிருக்காங்க. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு வாரம் போகட்டும், நானே கூட்டியாறேன்.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. எதற்கும் ‘சரி’ சொல்லிப் பழகிய அங்கம்மாவுக்கு அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை.

“மாத்திரையாச்சும் முழுங்குறாளா?”

“முழுங்குறேன்னுதான் சொல்றா. சோறு எறங்க மாட்டேங்குது.”

“அப்ப முழுங்கல. பந்தக்கால் ஊனியிருக்குன்னு பாத்துட்டு காய்ச்சல் வாசல்லயே நின்னுடுமா? போன தடவ அவள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது நீங்கதானே அண்ணே.”

காளியப்பனின் கண் கலங்கிவிட்டது. “தெரியும் மிஸி. ஆனா அந்தம்மா காதுல விழுந்து கல்யாணம் நின்னுபோச்சுன்னா, எம்பொண்ணு உசுரோட இருந்தும் என்ன? நாளைக்கு நலங்கு. எப்படியாச்சும் ஒரு வாரத்த ஓட்டிடுவோம்.”

நலங்குக்கு வாங்க என்று அவர் சொல்லவில்லை. சொல்ல முடியாது. மருந்துக் கவுண்டர்காரி காலடி வைத்தால், இந்த வீட்டில் யாருக்கு என்ன என்ற கேள்வி கூடவே வந்துவிடும். அவர் தலையை ஆட்டிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார்.

அங்கம்மா அன்று முழுக்க இரண்டு மனதாகத் தவித்தாள். ஒரு நோயாளியின் வீட்டுப் படியை அவள் மிதித்ததில்லை. யாருடைய விஷயத்தையும் வெளியே விட்டதில்லை. அதுதான் அவளுடைய ஒரே சொத்து. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தச் சொத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆபத்துக்குப் பாவமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லியும் மனம் அடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டரிடம் ஒரு மணி நேரம் வெளியே போய் வருவதாகச் சொன்னாள். பெட்டியில் கிடந்த பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டாள். ஒரு தட்டில் லட்டும் வளையலும் வைத்துக்கொண்டாள். வழி நெடுக ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ‘ஒரே தோட்டத்துல இருந்தோம், பழைய பழக்கம்.’ அவ்வளவுதான், யார் கேட்டாலும் இதைச் சொல்லிவிட்டு, தேன்மொழி காதில் மட்டும் விஷயத்தைப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

வாசலில் பந்தல், உள்ளே பெண்கள் கூட்டம். அவள் நுழைந்ததும் உள்ளூர்ப் பெண்களின் பேச்சு பாதியில் நின்றது. காளியப்பன் தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றார். கூடத்தின் நடுவில் மனைப்பலகையில் தேன்மொழி முகமெல்லாம் மஞ்சளோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்டிருந்த காஹாங் அத்தை அங்கம்மாவை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க பொண்ணுக்கு என்ன முறை வேணும்?”

அங்கம்மா வாயைத் திறந்தாள். அவ்வளவு ஒத்திகை பார்த்த பொய் வரவில்லை. என்ன முறை? அவளுக்கே தெரியவில்லை. தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

அப்போது மஞ்சள் முகம் நிமிர்ந்தது. “அக்கா,” என்றாள் தேன்மொழி, எல்லார் காதிலும் விழும்படி. “மருந்து கெடச்சிருச்சா?”

காளியப்பன் மகளிடம் சொல்லவே இல்லை என்பது அங்கம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. மருந்து இன்னும் வரவில்லை என்றே பிள்ளை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இனி எதை மூடி எதை மறைப்பது? “கெடச்சிருச்சும்மா,” என்றாள். “ஃபிரிட்ஜ்ல இருக்கு.”

“என்ன மருந்து? யாருக்கு?” என்று அத்தை எழுந்தே விட்டார்.

தேன்மொழி சொன்னாள், அழாமல், ஒன்றையும் விடாமல். வால்வு, காய்ச்சல், நாலு வாரத்துக்கு ஒரு ஊசி. “மதிக்கு எல்லாம் தெரியும். நிச்சயத்துக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன். அப்பாதான் பயந்துகிட்டு இருக்காரு.”

அத்தை அங்கேயே போனை எடுத்து, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். லாபிஸ் கல்யாண மண்டபத்தில் நாற்காலி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மதிவாணனின் குரல் வந்தது. “தெரியும் அத்தை. நான்தான் வீட்டுல சொல்லல, நீங்கல்லாம் பெருசு பண்ணுவீங்கன்னு. இந்த மாச ஊசி இன்னும் போடலையா? மருந்து வந்துருச்சா? இருங்க, இப்பவே கார எடுத்துட்டு வரேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அந்த மனுஷர் பட்ட பாடெல்லாம் வீண். மாப்பிள்ளை அதை எப்போதோ பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான். காளியப்பன் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார். அத்தையின் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. “நல்ல காரியம் நடக்குற வீட்டுல ஊசியும் மருந்துமா, என்ன காலமோ,” என்றார். ஆனால் கார் சத்தம் கேட்டதும், தன் இடுப்பிலிருந்த இரும்புச் சாவியை எடுத்து தேன்மொழியின் உள்ளங்கையில் வைத்து மூடினார். “மஞ்ச பூசின உடம்போட வெறுங்கையா படி தாண்டாத. இத வச்சுக்க, காத்து கருப்பு அண்டாது. ஊசி முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வா,” என்றார்.

மஞ்சள் முகத்தோடு கிளினிக்குக்குள் வந்த கல்யாணப் பெண்ணைப் பார்த்து, காத்திருந்தவர்கள் தங்கள் வலியை மறந்துவிட்டார்கள். டாக்டர் ஊசியைப் போட்டார். தேன்மொழி வழக்கம்போல் கவுண்டருக்குள் வந்து மெத்தை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். மதிவாணன் வெளியே தண்ணீர் வாங்கப் போனான்.

“கல்யாணத்துக்கு வந்துருங்க அக்கா.”

“நான் வந்தா பாதிப் பேரு சாப்பாட்ட விட்டுட்டு எந்திரிச்சிடுவாங்க,” என்றாள் அங்கம்மா. “உன் சாப்பாட்டு ஆர்டர நான் ஏன் கெடுக்கணும்?”

தேன்மொழி சிரித்தாள். அங்கம்மா இரண்டாவது பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்துக் கட்டினாள். “இத மதி கையில குடுத்தனுப்புறேன், ஃபிரிட்ஜ்ல வச்சுக்கச் சொல்லு. காஹாங்குக்குக் குளுவாங்தான் பக்கம். அங்க கிளினிக் கவுண்டர்ல பஸீலான்னு ஒருத்தவங்க இருக்காங்க. நான் பேசிட்டேன். அடுத்த ஊசி அங்க. மருந்து சரியா வர ஆரம்பிக்கிற வரைக்கும் உனக்கு அவங்க தேடித் தருவாங்க.”

“அப்ப இனிமே நான் இங்க...”

“இங்க எதுக்கு? அவ்வளோ தூரம்.”

இதைச் சொல்வதற்குத்தான் அங்கம்மா ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்திருக்கிறாள். மருந்தைத் தேடிக் கொண்டுவந்து, கூடவே அந்தப் பிள்ளையையும் வேறொரு கவுண்டருக்குக் கைமாற்றிவிட்டாள். இந்தக் கைமாற்று திரும்பி வராது. ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டிவிட்டு அதைக் கிழித்து மறுபடி ஒட்டினாள்.

அரை மணி நேரம் முடிந்தது. மதிவாணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். தேன்மொழி இரும்புச் சாவியைக் கையில் பிடித்தபடி வாசல்வரை போய், அங்கே நின்று திரும்பினாள்.

“போயிட்டு வரேன் அக்கா,” என்றாள்.

காத்திருந்த கிழவி ஒருத்தி, “ஐயையோ, இங்க நின்னுகிட்டு சொல்லாத,” என்று பதறினாள். அங்கம்மாவின் கையும் காளியப்பனைப்போல அந்த வாயைப் பொத்தத்தான் எழுந்தது. எழுந்த கை பாதியில் நின்றது. மாதாமாதம் வந்தபோதெல்லாம் சொல்லாததை, இனி வரப்போவதில்லை என்று தெரிந்த நாளில் அவள் சொல்லியிருக்கிறாள். முப்பது வருடமாக அங்கம்மா கேட்காத வார்த்தை.

“போயிட்டு வாம்மா,” என்றாள். சொன்ன பிறகு பயமும் வந்தது. நோய் அதைக் கேட்டிருக்கக் கூடாதே என்று அன்று மாலை கோயிலில் அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றினாள்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. அடுத்த ஊசி நாளன்று அங்கம்மா பழக்கதோஷத்தில் மைலோவைக் கலக்கிவிட்டு, பிறகு தானே குடித்தாள். மாலையில் குளுவாங்கிலிருந்து பஸீலா கூப்பிட்டாள்.

“உங்க பொண்ணு வந்துட்டுப் போயிட்டாக்கா. ஊசி போட்டாச்சு. நல்லா இருக்கா. அடுத்ததுக்கு ஸ்டாக் வரும்னு சப்ளையர் சொல்லியிருக்கான்.”

“அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லுங்க,” என்றாள் அங்கம்மா. பஸீலா சிரித்தாள். அங்கம்மா கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். “போறப்ப ஏதாச்சும் சொல்லிட்டுப் போனாளா?”

“சொல்லிட்டா? நம்ம கவுண்டர்ல யாருக்கா சொல்லிட்டுப் போறாங்க? பையை வாங்கினா, தலைய ஆட்டினா, போயிட்டா. ஏங்க்கா?”

“ஒன்னுமில்ல. சும்மா கேட்டேன்.”

போனை வைத்த பிறகும் அங்கம்மாவின் கை அதன்மேலேயே இருந்தது. அந்த வார்த்தையை அந்தப் பிள்ளை அங்கே சொல்லவில்லை. வேறு எந்தக் கவுண்டரிலும் சொல்லவும் மாட்டாள். அதை நினைக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது. கவுண்டருக்கு வெளியே யாரோ மருந்துப் பையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார்.

“சரி,” என்றாள் அங்கம்மா.